இலவசப் பறைப் பட்டறை யாருக்கு இலவசம்?

4 ஜனவரி 2025 (வாசகர் கேள்வி)

சென்ற ஆண்டு எங்கள் பகுதியில் நடந்த இலவசப் பறைப் பயிற்சிப் பட்டறையில் சேர்ந்தேன். முதல் நாள் நாற்பது பேர் வந்தார்கள். எட்டாம் வாரம் ஒன்பது பேர்தான் மிஞ்சினோம். பணம் கட்டிச் சேர்ந்திருந்தால் இப்படிப் பாதியில் விட்டுப் போயிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். சும்மா கிடைப்பதற்கு மதிப்பு இருப்பதில்லை. அதோடு, எல்லோருக்கும் சும்மா சொல்லிக் கொடுத்துவிட்டால் பறையையே பிழைப்பாகக் கொண்டவர்கள் எங்கே போவார்கள்? பட்டறை நடத்துகிறவர்கள் யாரேனும் இருந்தால் பதில் சொல்லுங்கள்.

5 ஜனவரி 2025

நடத்துகிறவர்களில் நானும் ஒருவன். சென்னையின் தெற்குப் புறநகரில், ஒரு விளையாட்டுத் திடலின் ஓரத்தில், மூன்றாவது ஆண்டாக ஞாயிறுதோறும் காலை ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை பத்து வாரப் பட்டறை நடத்துகிறோம். இந்த ஆண்டின் முதல் வகுப்பு இன்று காலைதான் முடிந்தது. வந்தவர்களில் இளையவள் இரண்டாம் வகுப்புச் சிறுமி. மூத்தவர் எழுபத்தொரு வயதான, அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

கட்டணம் வைக்கலாமா என்ற பேச்சு எங்களுக்குள் ஒவ்வோர் ஆண்டும் எழும். ஒவ்வோர் ஆண்டும் வேண்டாம் என்றே முடியும். எங்கள் பட்டறைக்கு நான்கு வீடுகளில் பாத்திரம் கழுவிவிட்டு ஒரு பெண் தம் இரு பிள்ளைகளோடு வருகிறார். தலைக்கு இருநூறு என்று வைத்தால் அவருக்கு அது அறுநூறு. அவர் வரமாட்டார்; வர இயலாததற்கு வேறு ஏதாவது காரணம் சொல்வாரே தவிர, பணம் என்று சொல்லவும் மாட்டார். கட்டணம் வைத்த மறுநாளே அது அடுக்குமாடிக் குடியிருப்புப் பிள்ளைகளின் கோடை வகுப்பாக மாறிவிடும்.

பாதியில் நின்று போவதற்குக் கட்டணம் இல்லாதது காரணமன்று, இடக்கை என்பது என் அனுபவம். பறையைத் தோளிலிருந்து தொங்கவிட்டு இடக்கைக்கும் உடம்புக்கும் நடுவே அணைத்துப் பிடிக்க வேண்டும். அந்த இடக்கையே சட்டத்தின் மேல் வளைந்து நின்று, நீளமான மெல்லிய சிண்டுக்குச்சியால் தோலைத் தட்டவும் வேண்டும். வலக்கையிலுள்ள குட்டையான அடிக்குச்சி முதல் நாளே சொன்னபடி கேட்கும். சிண்டுக்குச்சி கேட்காது. எங்கள் ஆசான் வலக்கை அடிக்குத் 'த' என்றும் இடக்கை அடிக்குக் 'கு' என்றும் சொல்லித் தருகிறார். சொற்கள் ஊருக்கு ஊர் மாறும். 'த'வும் 'கு'வும் ஒரே கனத்தில் ஒலிக்கும் வரை அடுத்த பாடம் கிடையாது. பெரியவர்களுக்கு மூன்றாம் வாரம் மணிக்கட்டு வலிக்கத் தொடங்கும். நான்காம் வாரம் உறவினர் திருமணம் வரும். ஐந்தாம் வாரம் அவர்கள் வரமாட்டார்கள். கட்டணம் கட்டினால் மணிக்கட்டு வலிக்காது என்று யாராவது நிரூபித்தால் நாளைக்கே ரசீதுப் புத்தகம் அச்சடிக்கிறேன்.

அடிக்குச்சி மூங்கிலில் செய்வது. அதை வீட்டிலேயே செதுக்கிக்கொள்ளலாம். ஆகவே கற்பவருக்குச் செலவே கிடையாது. இலவசம் என்றால் முழு இலவசம்.

7 ஜனவரி 2025

ஒரு திருத்தம். மேலே எழுதியதை ஆசானுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். "சிண்டுக்குச்சிதான் சார் மூங்கில். அடிக்குச்சி பூவரசு. மூணு வருஷமா என் பக்கத்துலயே நிக்கிறீங்க" என்றார். மூங்கில் மெலிந்து வளைந்து கொடுக்கும், அதனால் அது இடக்கைக்கு. பூவரசு கனத்து நிற்கும், அதனால் வலக்கைக்கு. மூன்றாண்டு கற்றதாகச் சொல்லிக்கொள்ளும் என் தகுதி இவ்வளவுதான்.

12 ஜனவரி 2025

நாளை போகி. இன்று வந்த சிறுவர்களில் பாதிப் பேரின் கையில் போகி மேளம் இருந்தது. சாலையோரத்தில் குவித்து வைத்து விற்பார்களே, அந்தச் சின்ன மேளம். ஆசான் அவற்றைப் பிடுங்கி வைக்கச் சொல்வார் என்று நினைத்தேன். மாறாக, அந்தப் பிள்ளைகளையெல்லாம் ஒரு வரிசையாக நிறுத்தி, "நீங்க 'த' மட்டும் அடிங்க" என்றார். பெரியவர்கள் மூன்று வாரத்தில் பிடிக்கும் நடையை அவர்கள் இருபது நிமிடத்தில் பிடித்துவிட்டார்கள். வயது வேறுபாடின்றி ஒன்றாகக் கற்பிப்பதில் உள்ள லாபம் இதுதான்: ஏழு வயதுப் பிள்ளை தவறாமல் அடித்துக்கொண்டு நிற்கும்போது நாற்பது வயதுக்காரருக்கு 'எனக்குத் தாளம் வராது' என்று சொல்ல வாய் வராது.

பனி காரணமாகத் தோல்கள் தொய்ந்து கிடந்தன. மூன்று வேப்பம்பலகைத் துண்டுகளை இரும்புப் பட்டையால் இணைத்த வட்டச் சட்டத்தின் மேல் மாட்டுத்தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டியிருக்கும் கருவி அது. ஈரக்காற்றை உறிஞ்சினால் தோல் தளர்ந்து, அடித்தால் தலையணையைத் தட்டுவது போல் 'தொப் தொப்' என்னும். வைக்கோலோ பழைய செய்தித்தாளோ கொளுத்தி அந்தத் தணலில் காய்ச்சினால் ஈரம் போய்த் தோல் இறுகும். பிறகு 'கணீர்' என்று எழும். காய்ச்சுவதற்குப் பக்குவம் உண்டு. சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வப்போது விரலால் சுண்டிப் பார்க்க வேண்டும். இந்த வேலையை இன்று நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். பேச்சு சுவாரசியத்தில் சுழற்ற மறந்துவிட்டேன். ஒரு பறையில் தோலின் விளிம்பு கருகிச் சுருண்டு பசையிலிருந்து விட்டுவிட்டது. ஆசான் ஒன்றும் சொல்லாமல் அதை வாங்கித் தனியே கவிழ்த்து வைத்தார். அவர் திட்டியிருக்கலாம்.

19 ஜனவரி 2025

இன்று ஒரு தகராறு. எதிர்க் குடியிருப்பின் மாடியிலிருந்து ஒருவர் இறங்கி வந்து, "விடிந்ததும் விடியாததுமாகச் சாவு மேளம் அடிக்கிறீர்களே, வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள்" என்றார். அதே திடலில் ஆடிமாதம் ஒலிபெருக்கி நள்ளிரவு வரை அலறும்போது அவர் இறங்கி வந்ததாக எனக்கு நினைவில்லை.

எனக்கு ஆத்திரம் வந்தது. தொல்காப்பியம் கருப்பொருள்களை அடுக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் சேர்த்துத்தான் அடுக்குகிறது என்று தொடங்கினேன்; குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை என்று திணைவாரியாக ஒப்பிக்கவும் செய்தேன்; பறை என்ற சொல்லுக்கே 'சொல்லுதல்' என்றுதான் பொருள் என்று முடித்தேன். அவர் அசையவில்லை. ஆசான்தான் இடையில் புகுந்து, "ஐயா, எட்டு மணிக்கு மேல அடிக்கிறோம், இப்போ வாயால சொல்லிக் கொடுத்துக்கிறேன்" என்று சமாதானம் சொல்லி அனுப்பினார். முதல் ஒரு மணி நேரம் முழுவதும் 'த', 'கு' என்னும் சொல்கட்டை வாயாலும் கைத்தட்டாலும் மட்டுமே நடத்தினார். உண்மையைச் சொன்னால், இன்றைய வகுப்புதான் இதுவரை நடந்தவற்றில் சிறந்தது. கையில் கருவி இல்லாதபோது யாருக்கு நடை தப்புகிறது என்பது அப்பட்டமாகத் தெரிந்துவிடுகிறது.

திரும்பும் வழியில் ஆசானிடம், "சாவு மேளம் என்று சொல்லிவிட்டாரே, உங்களுக்குக் கோபம் வரவில்லையா?" என்று கேட்டேன். "சாவுக்கும்தானே சார் அடிக்கிறேன். அதுலதானே சாப்பிடுறேன்" என்றார். நான் தொல்காப்பியத்தை மூடி வைத்தேன்.

26 ஜனவரி 2025

அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்திருக்கிறார்கள். நேற்றிரவு செய்தி வந்ததிலிருந்து எங்கள் குழுவில் ஒரே கொண்டாட்டம். காலையில் யாரோ இனிப்பு வாங்கி வந்தார்கள். பறையைக் கையில் எடுப்பதற்கே தயங்க வைத்த ஒரு நாட்டில், பறையாசான் ஒருவர் பெயர் அந்தப் பட்டியலில் வருவது சாதாரணமன்று. எங்கள் ஆசானும் மகிழ்ந்தார். வாழ்த்தடி ஒன்றை அடித்துக் காட்டினார்.

அடித்து முடித்துவிட்டுத் தேநீர் குடிக்கும்போது தற்செயலாகச் சொன்னார்: இன்று காலை பக்கத்து ஊரில் ஒரு சாவுக்கு அழைத்திருந்தார்களாம், பட்டறை இருப்பதால் வேறொரு குழுவைக் கைகாட்டிவிட்டு வந்தாராம். இது இந்த ஆண்டு இரண்டாவது முறை. கேட்ட பிறகு அந்த இனிப்பு எனக்கு இறங்கவில்லை.

கேள்வி கேட்ட வாசகரே, உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் முதல் குறிப்பில் பதிலே சொல்லவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

28 ஜனவரி 2025

சென்ற ஆண்டுப் பட்டறையின் கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். யாருக்கும் பயன்படலாம் என்பதால் அப்படியே தருகிறேன். ஆசானுக்கு வாரம் 1,000 ரூபாய் வீதம் பத்து வாரத்துக்கு 10,000. தேநீர், சுண்டல் வகையில் வாரம் 300 வீதம் 3,000. குச்சிகள் வாங்கியது 1,200. மொத்தம் 14,200. நண்பர்கள் நால்வர் ஆளுக்கு 3,500 போட்டோம். மீதி 200 என் கையிலிருந்து. சேர்ந்தவர்கள் 38 பேர். தலைக்கு 374 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. 374 ரூபாயில் ஒருவருக்குப் பத்து வாரம் இசைப் பயிற்சி என்பது பெருமைப்படத்தக்க கணக்குதான் என்று இதை எழுதத் தொடங்கியபோது நினைத்திருந்தேன்.

29 ஜனவரி 2025

நேற்றைய கணக்கு தவறு. கூட்டல் சரி, கணக்குதான் தவறு.

பன்னிரண்டு பறைகளும் ஆசானுடையவை. அவற்றை அவர் வீட்டிலிருந்து திடலுக்குக் கொண்டுவந்து திரும்ப எடுத்துச் செல்லும் ஆட்டோவுக்கு வாரம் 500 ரூபாய். அதை யார் கொடுத்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை, நோட்டிலும் இல்லை. நேற்றிரவு கேட்டேன். அவர்தான் கொடுத்திருக்கிறார். ஆக, நாங்கள் கொடுத்த ஆயிரத்தில் அவர் கைக்குப் போனது ஐந்நூறு. அதிலும், கற்றுக்கொள்கிறவர்கள் குச்சியின் நுனியால் குத்திக் கிழித்த இரண்டு தோல்களை அவரே மாற்றியிருக்கிறார். சாவு வீட்டுக்குப் போயிருந்தால் அவர் பங்காக ஆயிரத்தைந்நூறு கிடைத்திருக்கும் என்கிறார். அழைப்பு வந்த ஒவ்வொரு ஞாயிறும் அவருக்கு ஆயிரம் ரூபாய் நட்டம்.

முதல் குறிப்பில் 'முழு இலவசம்' என்று எழுதினேனே, அது உண்மைதான். கற்பவர்களுக்கு இலவசம், எங்களுக்கு ஏறத்தாழ இலவசம். பட்டறைக்குப் பெரிய நன்கொடை கொடுத்தவர் ஆசான். அவர் பெயர் எங்கள் நன்றியறிவிப்பில் 'பயிற்றுநர்' என்ற இடத்தில் இருந்தது.

(பொங்கலுக்கு முன் நான் கருக்கிய தோலையும் சேர்த்தால் மூன்று. அதற்கான பணத்தைக் கொடுத்துவிட்டேன்.)

2 பிப்ரவரி 2025

கேள்வி கேட்டவருக்கு இப்போது நேராகவே பதில் சொல்லலாம். நாங்கள் கற்றுக்கொள்வதால் பறைக் கலைஞர்களின் பிழைப்பு கெடுமா என்று கேட்டீர்கள். கெடாது. எங்களில் ஒருவரும் சாவு வீட்டுக்கு அடிக்கப் போவதில்லை. கணிப்பொறி நிறுவனத்தில் வேலை பார்க்கும் இளைஞர் மேடையில் அடிப்பார், பேரணியில் அடிப்பார், நண்பர் திருமணத்தில் அடித்துப் படம் எடுத்துப் போடுவார். அதிகாலை நான்கு மணிக்குத் தொலைபேசி வந்தால், முகம் தெரியாதவர் வீட்டு வாசலில் போய் வெயிலில் ஆறு மணி நேரம் நின்று, இடுகாடு வரை அடித்துக்கொண்டு நடக்க மாட்டார். நானும் மாட்டேன். நாங்கள் கற்றுக்கொள்வதால் ஆசானின் வருமானம் குறையவில்லை. எங்கள் ஞாயிற்றுக்கிழமையால் குறைந்தது.

இன்னொன்றும் உண்டு. ஒத்தையடி, சப்பரத்தடி, சாமிச்சாட்டு என்று பறையின் அடி வகைகளைப் பட்டறையில் வரிசையாகக் கற்கிறோம். சாவு வீட்டில் அடிப்பதை மட்டும் ஆசான் கற்றுத் தரவில்லை. அஞ்சலகப் பெரியவர் இன்று அதைக் கேட்டே விட்டார்: "என் வயதுக்கு அதைத்தான் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்." எல்லோரும் சிரித்தோம். ஆசானும் சிரித்துவிட்டு, இங்கே வேண்டாம் என்றார். மாடி வீட்டுக்காரருக்காகச் சொன்னாரா, வேறு காரணமா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. விலை உள்ள அடி அது ஒன்றுதான். அதை அவர் தம்மிடமே வைத்துக்கொண்டிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

9 பிப்ரவரி 2025

குழு நண்பர் ஒருவர் வெனிசுவேலாவை எடுத்துக்காட்டினார். 1975இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு தொடங்கிய எல் சிஸ்டெமா, ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாக இசை கற்பித்துப் பெரிய பெரிய இசைக்குழுக்களையே உருவாக்கவில்லையா, நாம் ஏன் 500 ரூபாய் ஆட்டோவுக்கு அழுகிறோம் என்பது அவர் வாதம்.

எடுத்துக்காட்டு எனக்குச் சாதகமானது. அங்கே பிள்ளைகளிடம் பணம் வாங்கவில்லை என்பது உண்மை. ஆனால் அரசு பணம் கொடுத்தது. வயலினும் செல்லோவும் ஆசிரியரின் சொந்தக் கருவிகளாக ஆட்டோவில் வந்து இறங்கவில்லை. அப்ரேயு இசைக் கலைஞர் மட்டுமல்லர், பொருளாதாரமும் படித்தவர். அரசின் பணப்பெட்டி எங்கே இருக்கிறது, அதை எப்படித் திறப்பது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அமைப்பின் மீது பிற்காலத்தில் கடுமையான விமரிசனங்களும் எழுந்திருக்கின்றன. அவற்றுக்குள் இப்போது போகவில்லை. யார் தலையில் செலவு விழ வேண்டும் என்பதை அங்கே முடிவு செய்தார்கள் என்பது மட்டும் எனக்குப் போதும். நாங்கள் முடிவே செய்யவில்லை. அது தானாகப் போய் ஆசான் தலையில் விழுந்தது.

தோலுக்குப் பதில் ஃபைபர் பறை வாங்கிவிடலாம், காய்ச்சவும் வேண்டாம், கிழியவும் கிழியாது என்று வேறொருவர் சொன்னார். மழைநாளுக்கு அது நல்ல யோசனைதான். ஆனால் இருபது பேர் ஒன்றாக ஃபைபரில் அடித்தால் காதுக்குள் தகரம் உருட்டுவது போல் இருக்கிறது. சிறுவர்களுக்காக நான்கு மட்டும் வாங்கலாம் என்று முடிவு.

17 பிப்ரவரி 2025

ஆசானின் மகனைப் பற்றி எழுத வேண்டாம் என்றிருந்தேன். இந்தப் பேச்சுக்கு அது தேவைப்படுகிறது. பத்தொன்பது வயது. பறைகளை ஆட்டோவிலிருந்து இறக்கி வைப்பான், கடைசியில் ஏற்றுவான், இடையில் இரண்டு மணி நேரம் திடலின் கம்பிவேலி ஓரம் உட்கார்ந்து கைப்பேசி பார்ப்பான். முதலாண்டில் நான் அவனிடம் போய், "உன் கலை இது, நீ ஏன் கற்றுக்கொள்ளவில்லை?" என்று கேட்டேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இது கலை அங்கிள்" என்றான். அப்போது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது, நல்லதைச் சொன்னால் பையனுக்குப் புரியவில்லையே என்று.

பறையடிக்க மாட்டோம் என்று சொல்வதையே விடுதலையாகக் கொண்டு, அதற்காக அடிபட்ட ஊர்கள் இந்தத் தமிழ்நாட்டில் உண்டு. அதே பறையை விடுதலையின் கருவியாகத் திரும்பக் கையில் எடுத்தவர்களும் உண்டு. பெண்கள் தொடக்கூடாது என்றிருந்த கருவியைத் தலித் பெண்களின் கையில் கொடுத்து மேடை ஏற்றிய திண்டுக்கல் சக்தி கலைக்குழு ஒரு சான்று. இரண்டுமே அவர்கள் எடுத்த முடிவுகள். இடையில் நான் போய் நின்று, சும்மா கற்றுக்கொடுக்கும் வகுப்பில் வந்து சேர் என்று அவனை அழைத்திருக்கிறேன். அவன் வீட்டில் யாரும் அதைக் காசு கொடுத்துக் கற்கவில்லை என்பது என் மூளையில் ஏறவேயில்லை.

24 பிப்ரவரி 2025

நால்வரும் உட்கார்ந்து பேசினோம். ஆசானையும் அழைத்தோம், முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் இத்தகைய கூட்டத்துக்கு அவரை அழைத்ததில்லை. கற்பவர்களுக்குக் கட்டணம் இல்லை என்பதில் மாற்றமில்லை. ஆசானுக்கு வாரம் 2,000, ஆட்டோ தனி, கிழியும் தோல் பட்டறைச் செலவு. இந்த அணியின் முதல் வாரத்திலிருந்தே இதைக் கணக்கிட்டு மீதியைக் கொடுத்துவிட வேண்டும். பத்து வாரத்துக்கு ஆசானுக்கும் ஆட்டோவுக்கும் மட்டும் 25,000 ஆகிறது. சுண்டல் இனி அவரவர் வீட்டிலிருந்து. திடலின் வாயிலில் ஓர் உண்டியல் வைப்போம். யார் போட்டார்கள், யார் போடவில்லை என்று பார்க்க ஆள் நிறுத்த மாட்டோம்.

ஆசான் ஒன்றே ஒன்று கேட்டார். சாவு அழைப்பு வந்தால் போக வேண்டும்; அன்றைக்கு யாரும் முகம் சுளிக்கக் கூடாது. ஒப்புக்கொண்டோம்.

கேள்வி கேட்டவரின் முதல் கருத்தை நான் இன்னமும் ஏற்கவில்லை. இந்த ஆண்டு 34 பேரில் 21 பேர் எட்டாம் வாரம் வரை நிற்கிறார்கள், ஒரு காசும் வாங்காமல். போனவர்களில் பலருக்குப் பொதுத்தேர்வு.

3 மார்ச் 2025

நேற்று காலை ஆறு மணிக்கே ஆசான் அழைத்தார். வேலை வந்திருக்கிறது, மகனிடம் பறைகளை அனுப்புகிறேன் என்றார். முகம் சுளிக்காமல் சரி என்றேன். பாத்திரம் கழுவும் அம்மாவின் மூத்த மகள், ஒன்பதாம் வகுப்பு, வகுப்பை நடத்தினாள். குரல் முதலில் எழும்பவில்லை. பத்து நிமிடத்தில், "அங்கிள், உங்க சிண்டுக்குச்சி தூங்குது" என்று என்னைத் திட்டும் அளவுக்கு எழும்பிவிட்டது.

சப்பரத்தடியில் வேகம் கூடும் இடத்தில் எல்லோரும் சிதறினோம். மூன்று முறை முயன்றும் சேரவில்லை. நான்காம் முறை வேலி ஓரத்திலிருந்து ஓர் ஒலி வந்தது. ஆசானின் மகன் கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, ஆட்டோவின் பக்கவாட்டுத் தகரத்தில் ஒரு கையால் தட்டிக்கொண்டிருந்தான். அவன் தட்டிய நடையைப் பிடித்து அந்தப் பெண் அடித்தாள், அவளைப் பிடித்து நாங்கள் அடித்தோம், சேர்ந்துவிட்டது. நடை நின்றதும் அவன் கையை எடுத்துவிட்டான். யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று எல்லோருக்கும் தோன்றியிருக்கிறது.

10 மார்ச் 2025

நேற்று பத்தாவது வகுப்பு முடிந்தது. உண்டியலைத் திறந்தோம்: 3,460 ரூபாய், ஒரு பழைய ஐந்து ரூபாய்த் தாள் உட்பட. மீதியை நால்வரும் போட்டு ஆசானுக்குச் சேர வேண்டியதை முழுதாகக் கொடுத்தோம். அவர் எண்ணிப் பார்த்துதான் வாங்கிக்கொண்டார். முந்தைய ஆண்டுகளில் எண்ணாமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்.

அடுத்த அணி பள்ளி திறந்த பிறகு ஜூனில். பறைகளை மழைக்கு நனையாமல் வைக்கத் திடலுக்குப் பக்கத்தில் ஓர் அறை வேண்டும். ஆட்டோச் செலவும் பாதியாகக் குறையும். மாடி வீட்டுக்காரரிடம் அவர் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் பூட்டிக் கிடக்கும் காவலாளி அறையைக் கேட்டிருக்கிறோம். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.